பெருங்காயத்தின் பக்குவம்

பெருங்காயம் ஒரு வேரின் பால். ஃபெரூலா இனத்துச் செடிகள் சிலவற்றின் வேரை அறுத்தால் கசியும் பால், காற்றுப் பட்டு இறுகிப் பிசினாகிறது. ஈரான், ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆகிய நாடுகளின் வறண்ட, குளிர்ந்த மலைச்சரிவுகளில் இந்தச் செடி தானாக வளர்கிறது. தமிழ்நாட்டு மண் இதை வளர்த்ததில்லை. ஆனாலும் இது இல்லாத ரசத்தை ரசம் என்று ஒப்புக்கொள்ள இங்கே பல வீடுகளில் ஆள் கிடையாது.

மிளகும் ஏலமும் கிராம்பும் காய்ந்த நிலையிலேயே மணப்பவை. யார் மோந்து பார்த்தாலும் பிடித்துப்போகும். பச்சைப் பெருங்காயத்தை அப்படி யாரும் மோந்து மகிழ்வதில்லை. அழுகிய பூண்டு, கந்தகம், பழைய தோல் எல்லாம் ஒன்றுசேர்ந்த வீச்சம் அது. ஜெர்மானியர்கள் அதைப் பிசாசின் மலம் என்றே அழைத்தார்கள். வேரை அறுப்பவர், பிசினை மாவோடு கூட்டுபவர், எண்ணெயில் பொரிப்பவர் என்று மூன்று கைகள் மாறிய பிறகே அந்த வீச்சம் வாசனையாகிறது. எனவே பெருங்காயத்தை ரசிப்பது என்றால் பெரும்பாலும் அதன் பக்குவத்தை ரசிப்பதுதான்.

செடியின் குடும்பம் தமிழ்ச் சமையலறைக்கு அந்நியமில்லை. கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் ஆகியவை எல்லாம் அதன் பங்காளிகள். அவற்றில் விதை பயன்படுகிறது, இதில் வேர்ப்பால். முதல் சில ஆண்டுகள் செடி தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகவே கிடக்கும். மண்ணுக்குள் காரட் வடிவத்தில் வேர் பருத்துக்கொண்டே போகும். நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வசந்தத்தில் ஆளுயரத்துக்கும் மேலாகத் தண்டு எழும்பி, குடை விரித்தாற்போல் மஞ்சள் பூக்கள் பூக்கும். பூத்து விதை பிடித்ததும் செடி பட்டுப்போகும்.

அந்தப் பூப்புக்குச் சற்று முன்புதான் அறுப்பவர் வருகிறார். தண்டை அடியோடு வெட்டி, வேரின் தலையைச் சுற்றியுள்ள மண்ணை விலக்கி, மேற்பரப்பில் மெல்லிய வில்லையாக ஒரு சீவு சீவுகிறார். வெயில் நேராகப் பட்டால் பால் கெட்டுவிடும் என்பதால் சுள்ளியும் மண்ணும் கொண்டு அதன்மேல் சின்னக் கூரை போட்டு மூடிவிட்டு அடுத்த செடிக்குப் போகிறார். சில நாள் கழித்துத் திரும்பி வந்து, கசிந்து இறுகியதைச் சுரண்டி எடுத்துக்கொண்டு, மறுபடி ஒரு சீவு. வேர் வற்றும்வரை, ஏறத்தாழ மூன்று மாதம், இது நடக்கும். நல்ல செடி மொத்தத்தில் ஒரு கிலோ வரை கொடுக்கலாம். புதிதாக வெட்டிய முகம் பால்வெள்ளையாக இருக்கும். காற்றுப் பட்டதும் இளஞ்சிவப்பாகி, பிறகு செம்மை ஏறி, கடைசியில் பழுப்பாகும். 17ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் லார் பகுதியின் அறுவடையை நேரில் கண்டு எழுதிய ஜெர்மானிய மருத்துவர் எங்கெல்பர்ட் கெம்ப்ஃபர், சுரண்டிய உடனே வீசும் நாற்றத்துக்கு முன் உலர்ந்து கப்பலேறிய மூட்டைகளின் நாற்றம் ஒன்றுமே இல்லை என்கிறார். சந்தைக்கு வருவது பாதி அடங்கிய சரக்குதான்.

இந்த அறுவடையில் ஒரு சிக்கல் உண்டு. அறுத்த செடி பூப்பதில்லை; பூக்காத செடி விதைப்பதில்லை. காட்டில் தானாக விளைவதையே நம்பி நடக்கும் தொழிலில், ஒரு சரிவைப் பேராசையோடு முழுக்க அறுத்துவிட்டால் அங்கே அடுத்த தலைமுறைச் செடி இருக்காது.

மேற்கு நாடுகளுக்குப் பெருங்காயம் அறிமுகமானது வேறொன்றின் மாற்றாகத்தான். இன்றைய லிபியாவில் இருந்த கிரேக்க நகரமான சைரீன், சில்ஃபியம் என்ற மூலிகையால் செல்வம் கொழித்தது. தன் நாணயங்களிலேயே அந்தச் செடியைப் பொறித்துக்கொண்டது. அலெக்சாந்தரின் படை இந்துகுஷ் மலையைக் கடந்தபோது விறகு கிடைக்காமல் இறைச்சியைப் பச்சையாகத் தின்ன நேர்ந்தது என்றும், அங்கே மண்டிக் கிடந்த சில்ஃபியம் போன்ற செடி அதைச் செரிக்க உதவியது என்றும் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். அது பெருங்காய இனமாகவே இருக்க வேண்டும். கி.பி. முதல் நூற்றாண்டுக்குள் சைரீனின் செடி அருகிப்போனது. தம் காலத்தில் கிடைத்த ஒரே தண்டு நீரோ மன்னனுக்கு அனுப்பப்பட்டதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிக்கிறார். அதன் பிறகு ரோமானியர் பாரசீகத்திலிருந்து வந்த பெருங்காயத்தோடு சமாதானமானார்கள். வாசனையில் இது மட்டம் என்று கிரேக்க மருத்துவர் டயாஸ்கோரிடிஸ் முகம் சுளித்தாலும் வேறு வழி இருக்கவில்லை.

அபீசியஸ் பெயரில் வழங்கும் ரோமானியச் சமையல் நூலில் ஒரு சிக்கன யோசனை இருக்கிறது. பிசினை ஒரு கண்ணாடிக் குப்பியில் பைன் கொட்டைகளோடு சேர்த்து வைக்க வேண்டும். சமைக்கும்போது பிசினைத் தொடாமல், அதன் மணத்தை உறிஞ்சிய கொட்டைகள் சிலவற்றை எடுத்து நசுக்கிப் போட வேண்டும். எடுத்த அளவுக்குப் புதுக் கொட்டைகளைக் குப்பியில் போட்டுவிட வேண்டும். பெருங்காயம் எப்படிப்பட்ட பொருள் என்று இதை எழுதியவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. உணவில் அது கரைய வேண்டும் என்றுகூட இல்லை, பக்கத்தில் இருந்தாலே போதும்.

பத்தாம் நூற்றாண்டுப் பாக்தாத் சமையல் நூலில் பெருங்காயச் செடியின் பிசின், வேர், இலை மூன்றுக்கும் இடம் இருந்தது. பிறகு அரபு, பாரசீகச் சமையலிலிருந்து அது மெல்ல நழுவிவிட்டது. விளையும் நாடுகள் இன்று அதை மிகக் கொஞ்சமாகவே உண்கின்றன; விளைச்சலில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான் வருகிறது.

இந்தியா அதை வெகு காலமாக அறியும். ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் அது மருந்து. ஏழாம் நூற்றாண்டில் கஜினி வட்டாரத்தைக் கடந்த சீனப் பயணி யுவான் சுவாங் அங்கே அது விளைவதைக் குறித்து வைத்தார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய நாட்டுப் பௌத்தத் துறவிகளுக்கு விலக்கப்பட்ட ஐந்து கார வாசனைப் பொருள்களில் வெங்காயம், பூண்டு வகையறாக்களோடு பெருங்காயமும் ஒன்று. இந்தியாவிலோ வெங்காயமும் பூண்டும் விலக்கியவர்கள் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டதே பெருங்காயத்தால்தான். சமணர் சமையலும் வைணவர் சமையலும் கோயில் மடைப்பள்ளிகளில் பலவும் இதற்குச் சாட்சி. கந்தக வாசனை ஒன்றேதான். ஒரு நாட்டில் அது துறவுக்கு இடைஞ்சல், இன்னொரு நாட்டில் ஆசாரத்துக்குத் துணை. கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் பெயரில் உள்ள 12ஆம் நூற்றாண்டு நூலான மானசோல்லாசம், பெருங்காயம் கரைத்த நீரைக் கறிகளில் சேர்க்கச் சொல்கிறது. இன்றும் ரசத்துக்குப் பலர் செய்வது இதுவே.

விஜயநகரத்தோடு தொடர்புடைய ஒரு கதையைக் கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்டா 1563இல் அச்சான தம் நூலில் சொல்கிறார். ஒரு போர்த்துகீசியரிடம் விலையுயர்ந்த குதிரை ஒன்று இருந்தது. வாயுத் தொல்லையால் அது ஓயாமல் காற்று விட்டுக்கொண்டிருந்ததால் மன்னர் வாங்க மறுத்துவிட்டார். உடையவர் மாவில் பெருங்காயம் கலந்து ஊட்டிக் குணப்படுத்தி, நல்ல விலைக்கு அவரிடமே விற்றார். மருந்து என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மன்னர், அது தேவர்களின் உணவாயிற்றே, இதில் என்ன வியப்பு என்றாராம். பிசாசுகளின் உணவு என்றால் பொருந்தும் என்று போர்த்துகீசியர் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டார். இந்தியாவில் எங்கும் எல்லோரும் பயன்படுத்தும் பொருள் இது என்றும் ஓர்டா எழுதியிருக்கிறார்.

தோல் பைகளில் கட்டி வந்த அசல் பிசினை அப்படியே சமையலில் போட முடியாது. கடுகளவு கூடினாலும் அண்டாச் சாம்பார் பாழ். அதனால்தான் கூட்டுத் தொழில் பிறந்தது. பிசினை நீரில் கரைத்து, கோதுமை மாவோ அரிசி மாவோ, கருவேல இனத்து மரப்பிசினோ சேர்த்துப் பிசைந்து, உலர்த்தி, கட்டியாகவோ தூளாகவோ ஆக்குவார்கள். உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸ் நகரம் நூறாண்டுக்கு மேலாக இந்தத் தொழிலுக்குப் பேர்போனது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1894இல் மும்பையில் தொடங்கிய லால்ஜி கோதூ நிறுவனத்தின் சரக்கு, எல்.ஜி. என்ற இரண்டெழுத்தாகத் தமிழ் வீடுகளில் புழங்குகிறது. டப்பாவில் ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று அச்சிட்டிருப்பது இந்தக் கலவையைத்தான். இந்திய உணவு விதிகளின்படி அசல் பெருங்காயத்தில் ஆல்கஹாலில் கரையும் சாரம் குறைந்தது 12 விழுக்காடு இருக்க வேண்டும். கூட்டில் 5 விழுக்காடு இருந்தால் போதும். டப்பாவில் பெரும்பகுதி மாவுதான். கோதுமை ஒவ்வாதவர்கள் சிட்டையைப் படித்துவிட்டு வாங்குவது நல்லது.

மாவு கலந்ததாலேயே அதைக் கலப்படம் என்று தள்ளிவிடக் கூடாது. நல்ல கூட்டு ஒரு கைவினை. ஒவ்வொரு மூட்டைப் பிசினும் ஒவ்வொரு வீரியத்தில் வரும். வெள்ளைச் சரக்கு, சிவப்புச் சரக்கு என்ற பிரிவும் உண்டு. வெவ்வேறு இடத்துப் பிசின்களை அளவறிந்து சேர்த்து ஆண்டு முழுவதும் ஒரே வாசனை வரும்படி செய்ய மூக்குப் பழக்கம் வேண்டும். நாட்டு மருந்துக் கடைகளில் ‘பால் பெருங்காயம்’ என்று விற்கும் வெளிறிய சரக்கு மாவு சேராதது. அதைச் சோதிக்க எளிய வழி உண்டு: கரண்டியில் துளி வைத்துக் கொளுத்தினால் கற்பூரம்போல் சுடர்விட்டு எரியும். கூட்டுப் பெருங்காயத்தை இப்படிச் சோதித்துவிட்டுக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. மாவு கற்பூரம்போல் எரியாது.

கட்டியா தூளா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்வது கடினமில்லை. தூள் வசதிக்காக வந்தது. தூளாக்கிய கணத்திலிருந்தே வாசனை பறக்கத் தொடங்கிவிடும்; டப்பாவை நாலைந்து மாதம் அடுப்பருகே வைத்திருந்தால் மிஞ்சுவது மஞ்சள் மாவு. கட்டி, தன் வாசனையைத் தனக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளும். புதுக்கட்டி கையில் ஒட்டும், நகத்தால் கிள்ள வரும். பழையது கல்லாகிவிடும், துணியில் சுற்றி அம்மிக் குழவியால் தட்டித்தான் உடைக்க வேண்டும். சோம்பல் இல்லாதவர்களுக்குக் கட்டியே மேல்.

கட்டியைப் பக்குவப்படுத்த இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் இரண்டு விதமான சுவை தருபவை. ஒன்று நீர்வழி. மிளகளவு துண்டுகளாகக் கிள்ளி, சின்னக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி ஊற விட்டால், பிசினில் உள்ள கோந்து நீரில் கரைந்து எண்ணெய்ப் பகுதியைத் துளித்துளியாகத் தாங்கிக்கொள்ள, நீர் பால்போல் கலங்கும். ரசம் நுரை கட்டி வரும் நேரத்தில் இந்த நீரை ஒரு கரண்டி விட்டு இறக்கினால் வாசனை ஆவியோடு மேலெழும்பும். அடுப்பில் வைத்து வெகுநேரம் கொதிக்கவிட்டால் அத்தனையும் சமையலறைக் கூரைக்குப் போய்விடும். சாம்பாருக்குப் பருப்பு வேகும்போதே போடுவது வழக்கம். அங்கே வாசனையை விடப் பருப்பின் வாயுவை அடக்குவதே நோக்கம். கடைசியில் தாளிப்பில் இன்னொரு சிட்டிகை சேர்ப்பவர்கள் இரண்டு பலனையும் அடைகிறார்கள்.

மற்றது எண்ணெய்வழி. மூக்குக்கு விருந்து இங்கேதான். பெருங்காயத்தின் நாற்றத்துக்குக் காரணம் எளிதில் ஆவியாகும் கந்தகச் சேர்மங்கள். வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பவற்றுக்கு நெருங்கியவை. செடிவகையில் கொத்தமல்லிக்கு உறவு, வாசனையில் பூண்டுக்கு உறவு என்ற வினோதம் இதனால்தான். சூடான எண்ணெயில் துண்டைப் போட்டதும் மிகக் கடுமையான பகுதி முதலில் பறந்துவிடுகிறது. எஞ்சியது எண்ணெயில் கரைந்து, பொன்னிறமாக வதக்கிய சின்ன வெங்காயத்தையும் நெய்யில் வறுத்த பூண்டையும் நினைவூட்டும் கனிந்த மணமாகிறது. துண்டு மெல்ல உப்பி, ஓரம் சிவந்து, பொரியும்போது எண்ணெயில் சிறு குமிழிகள் விடும். குமிழி ஓய்ந்து துண்டு லேசானதும் எடுத்துவிட வேண்டும். உள்ளே ஈரம் மிஞ்சினால் இடிக்கும்போது உலக்கையில் ஒட்டும், கருகிவிட்டால் கசக்கும். இட்லி மிளகாய்ப்பொடிக்கும் பருப்புப்பொடிக்கும் இப்படிப் பொரித்த துண்டைத்தான் பருப்பு வகைகளோடு சேர்த்து இடிக்க வேண்டும். பச்சைத் தூளைக் கடைசியில் தூவிக் கலக்கிய பொடி நாக்கில் பட்டதுமே காட்டிக் கொடுத்துவிடும்.

தாளிப்பில் தூள் சேர்ப்பதற்கும் நேரம் இருக்கிறது. கடுகு வெடித்து, உளுத்தம்பருப்பு சிவந்து, மிளகாய் கறுக்கத் தொடங்கும் முன், அடுப்பைத் தணித்துவிட்டுப் பெருங்காயம். அதன் தலைமேல் கறிவேப்பிலை. இலையின் ஈரம் எண்ணெயின் சூட்டைக் குறைத்துத் தூள் கருகாமல் காக்கும். முதலிலேயே தூளைப் போட்டால் கடுகு வெடிக்கும் முன் அது புகைந்துவிடும். எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். நல்லெண்ணெய்க்கும் பெருங்காயத்துக்கும் உள்ள இணக்கம் வேறெதற்கும் இல்லை. புளிக்காய்ச்சலும் வத்தக்குழம்பும் அந்த இணக்கத்தின்மேல் நிற்பவை. புளியின் கூர்மையை நல்லெண்ணெய் மழுக்க, பெருங்காயம் அடியில் ஒரு கனத்தைக் கொடுக்கிறது. நெய்யில் பொரிந்தால் மணம் மென்மையாகும். ரசத்துக்கும் வெண்பொங்கலுக்கும் அதுவே பொருத்தம்.

தயிர், மோர் சார்ந்தவற்றில் அதன் குணம் மாறிவிடும். நீர்மோரில் பச்சையாகவே ஒரு சிட்டிகை போடுவார்கள். குளிர்ந்த மோரில் வாசனை அவ்வளவாகக் கிளம்பாது. விழுங்கிய பிறகு தொண்டையில்தான் தெரியும். மாவடு, ஊறுகாய், மோர்மிளகாய், உளுந்து அப்பளம், வடாம், தட்டை, முறுக்கு என்று காய வைப்பவற்றிலும் ஊற வைப்பவற்றிலும் பொரிப்பவற்றிலும் அது புகுந்திருக்கிறது. இவற்றில் அது தனியாக அடையாளம் தெரிவதில்லை. விட்டுப்போனால் மட்டும் ‘ஏதோ குறைகிறது’ என்பார்கள். வெங்காயமும் பூண்டும் தாராளமாக வதங்கும் குழம்புகளில் அதற்கு வேலை குறைவு. பூண்டுக் குழம்பில் கைநிறையப் பெருங்காயம் போடுவது ஒரே வேலைக்கு இரண்டு பேரை வைப்பது மாதிரி.

சித்த மருத்துவத்தின் அஷ்டாதி சூரணத்தில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம் ஆகியவற்றோடு எட்டாவதாக நிற்பது பெருங்காயம். செரியாமைக்கும் வயிற்று உப்புசத்துக்கும் சோற்றின் முதல் கவளத்தில் நெய்யோடு கொடுப்பது வழக்கம். கைக்குழந்தை வயிறு உப்பி வீறிட்டு அழும்போது பெருங்காயத்தை வெந்நீரில் குழைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். 1918இன் விஷக்காய்ச்சல் காலத்தில் அமெரிக்காவில் பலர் பெருங்காயப் பொட்டலத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். நோய்க்கிருமி அதைக் கண்டு பயந்ததோ இல்லையோ, பக்கத்தில் மனிதர் யாரும் நெருங்கியிருக்க மாட்டார்கள். அந்த வகையில் பலன் இருந்திருக்கலாம்.

தமிழ்ப் பேச்சு இதன் இரண்டு இயல்புகளைப் பிடித்து வைத்திருக்கிறது. வீணாய்ப்போன முயற்சி கடலில் கரைத்த பெருங்காயம். வாழ்ந்து கெட்ட குடும்பம் பெருங்காயம் இருந்த பாண்டம். அளவில்லாத பரப்பில் அது தடயமின்றிப் போகும், அடைத்து வைத்த இடத்தில் தான் தீர்ந்த பிறகும் நிற்கும். சமையல்காரருக்கு இரண்டும் பாடம்தான். பெருங்காய டப்பாவில் வேறெதையும் போடக் கூடாது. மூடி இறுகாத டப்பாவை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் ஏலக்காய் முதலில் பலியாகும்.

இத்தனை புழக்கத்துக்கும் இந்தியா முழுக்க முழுக்க இறக்குமதியையே நம்பியிருந்தது. 2020வாக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 டன் பிசினுக்குச் சுமார் 600 கோடி ரூபாய் வெளியே போனது. பாலம்பூரில் உள்ள மத்திய அரசின் இமாலய உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் ஈரானிலிருந்து விதை தருவித்தது. விதைகளில் மிகச் சிலவே முளைக்கும்; குளிரில் கிடந்து உறக்கம் கலைந்தால்தான் அதுவும். ஆய்வகத்தில் நாற்று எழுப்பி, 2020 அக்டோபர் 15 அன்று இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் குவாரிங் என்ற ஊரில் முதல் நாற்றை நட்டார்கள். கோடையில் வறட்சியும் குளிர்காலத்தில் பனியுமான அந்த நிலம் செடியின் தாய்நாட்டைப் போன்றது. நட்ட செடி பால் கொடுக்க ஐந்தாண்டுக்குக் குறையாமல் ஆகும். அந்தப் பாலில் இந்த மண்ணின் வாசனை எப்படி இருக்கும் என்பது, ஹாத்ரஸ் கூட்டுக்காரர்கள் அதைக் கையில் வாங்கி மோந்து பார்க்கும்போது தெரியும். காபூல் சரக்கு, ஈரான் சரக்கு என்று தரம் பிரித்துப் பழகிய அவர்கள், லாஹௌல் சரக்குக்கு எந்த வரிசையில் இடம் தருவார்கள் என்பதைப் பொறுத்தே அதன் விலையும் அமையும்.